தார் தொடங்கும் இடம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஜெயிலில் மெத்தை தரமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. போனில் உனக்குக் கொடுக்கிற ஐந்து நிமிடம் அம்மா அழுது முடிக்கவே சரியாக இருக்கிறது. நமக்குக் கடிதம்தான் கதி.

வேலை அப்படியேதான். காலை ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் கட்டினால், பதினாறு கிளினிக் ஏறி இறங்கி ரத்த சாம்பிள்களை வாங்கி, சூடு ஏறுவதற்குள் லேபில் சேர்க்க வேண்டும். உன் பைக் சலிக்காமல் உழைக்கிறது.

ஒரு செய்தி. ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் இடத்துக்குப் போகிறேன். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன கல்குவாரி. அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் பைக் பழகுகிறார்கள். ரேஸ் இல்லை, ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டிக் காட்டுகிற கூத்தும் இல்லை. கல், மணல், சேறு, ஓடை என்று ரோடே இல்லாத இடங்களில் நாள்கணக்காக ஓட்டிப் போவதற்கான பயிற்சி. அட்வென்ச்சர் ரைடிங் என்கிறார்கள். லேபில் யாரோ பேசிக்கொண்டார்கள், சும்மா பார்க்கலாம் என்று போனேன். வேறு காரணம் ஒன்றுமில்லை.

சொல்லிக்கொடுப்பவர் ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார், அதனால் எல்லோருக்கும் அவர் டீச்சர். முதல் நாள் என்னை பைக்கில் ஏறவே விடவில்லை. நின்றுகொண்டிருந்த பைக்கைக் கீழே சாய்த்துவிட்டு, "தூக்கு" என்றார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. "கையால தூக்காதே, காலால தூக்கு. பைக்குக்கு முதுகைக் காட்டிக் குந்து. சீட்டுக்கு அடியில பிடி. அப்படியே பின்னால நட" என்றார். எழுந்துவிட்டது அண்ணா. ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், விழுந்த பைக்கைத் தனியாக நிமிர்த்தியது அன்றுதான் முதல் தடவை. வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை,
வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலுவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து வேளாவேளைக்கு விழுகிறதா? அவள் போட்டுக்கொண்டேன் என்பாள், நம்பாதே. பாட்டிலைத் தூக்கிப் பார்.

நான் சுகம். பைண்டிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூட நோட்டுகளைத் தைத்து அட்டை ஒட்டுகிற வேலை. பசை நாற்றம் சோற்றிலும் வருகிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் வெளியே தையல்காரராக இருந்தவர். ஊசி பிடிக்க அவர்தான் சொல்லித் தந்தார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு ஊசி அடங்கமாட்டேன் என்கிறது.

கல்குவாரி சமாச்சாரத்தை இரண்டு தடவை படித்தேன். நீ கோபித்தாலும் சொல்கிறேன். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவன் நான். மேலே உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு பைக்கில் போகிறவன் கண்ணாடியில் ஒரு கொசு அளவு. சில நேரம் அதுவும் இல்லை. ஒரு நொடி கண் அசந்து ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த பைக்கின் சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்டாலும் ஊசியைக் கீழே வைத்துவிடுகிறேன். வேலைக்கு ஓட்டுகிறாய், அதைத் தடுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இரேன்.

ஜெயிலில் இருந்துகொண்டு அதிகாரம் செய்கிறான் என்று நினைக்காதே. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மருந்து பாட்டில் நிறையத்தான் இருந்தது, நீ சொன்னது சரி. இப்போது நானே பிடித்துவைத்து ஊற்றுகிறேன். உனக்குப் புதுக் கண்ணாடி தருகிறோம் என்றார்களே, தந்தார்களா?

நீ கெஞ்சியும் நான் நிறுத்தவில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. இந்த மாதம் மணல். மணலில் ஏழு தடவை விழுந்தேன், ஏழு தடவையும் நானே தூக்கினேன். மணலில் பயந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் முன்சக்கரம் புதைந்துவிடும். பயம் வருகிறபோதுதான் கொஞ்சம் கூட்ட வேண்டும். அது மூளைக்குப் புரிந்தாலும் கைக்குப் புரியமாட்டேன் என்கிறது.

எழுந்து நின்று ஓட்டவும் கற்றுக்கொண்டேன். கால் வைக்கிற கம்பியில் நின்று, முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டால், கீழே பைக் தன்பாட்டுக்கு ஆடும், நாம் ஆடமாட்டோம். அப்படி நிற்கும்போது ரொம்ப தூரம் தெரிகிறது அண்ணா. டீச்சர் கத்துவார்: "பள்ளத்தையே பாத்தா பள்ளத்துக்குத்தான் போவே. போக வேண்டிய இடத்தைப் பாரு." வாரம் முழுக்க கிளினிக் கதவுகளையும் ரசீதுகளையும் பார்த்த கண்ணுக்கு அந்தத் தூரம் என்னவோ செய்கிறது.

அம்மா ஹெல்மெட்டை பீரோவுக்கு மேலே ஒளித்து வைத்துவிட்டு, தெரியாது என்று சாதித்தாள். ஏறி எடுத்தேன். "எல்லாத்துக்கும் உன் அண்ணன் குடுத்த செல்லம்தான்" என்றாள். பழி உனக்குத்தான்.

இந்த குவாரிப் பயிற்சியை ஆரம்பித்தவர் டீச்சரின் கணவராம். அவர் இப்போது இல்லை.

கடிதம் போடு. வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.

வாலு


மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

கண்ணாடி வந்துவிட்டது. போட்டால் எல்லாம் கொஞ்சம் சாய்ந்து தெரிகிறது, இருந்தாலும் ஊசியில் நூல் கோர்க்க முடிகிறது. முழங்காலில் அடி ஏதும் இல்லையே? இருந்தால் எழுது.

மணல் விஷயம் படித்தேன். தையல்காரருக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்க தங்கச்சி பெரிய ஆளுதான்" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த டீச்சரின் வீட்டுக்காரர் எப்படி இறந்தார்? உடம்புக்கு ஏதாவதா? தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விட்டுவிடு, நீயாகப் போய்க் கேட்காதே.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருக்கிறாயா? அம்மாவுக்கு ஒரு வாரம் சளி, இப்போது தேவலை. மாடி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகி நம் சமையலறைச் சுவர் ஊறிப்போயிருக்கிறது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

போன ஞாயிறு முதல் தடவையாக குவாரியை விட்டு வெளியே கூட்டிப்போனார்கள். நாற்பது கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. ஓடையைத் தாண்டுவதற்கு முன்னால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும், எங்கே கல், எங்கே ஆழம் என்று காலுக்குத் தெரிய வேண்டும். நான் நனையாமல் தாண்டினேன். டீச்சர் தலையை ஆட்டினார். அவர் அப்படி ஆட்டுவது அபூர்வமாம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மண்ணில் இறங்குமுன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் மண்ணைப் பிடிக்கும். திரும்பி வரும்போது தார் தொடங்குகிற இடத்தில் ஓரமாக நிறுத்தி மறுபடி காற்றடிக்க வேண்டும். அதற்கு பைக் பேட்டரியில் ஓடுகிற சின்ன பம்ப் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, காற்றளவு காட்டும் முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சுகம். புழுதியும் வியர்வையுமாக எல்லோரும் கதை பேசுவோம்.

ஆகஸ்டில் மூன்று நாள் பயணம் இருக்கிறது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு


மே 8

வாலுவுக்கு,

நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி வரைக்கும் எழுதியிருக்கிறாய், அதற்கு மட்டும் பதில் இல்லை. நீ மறக்கிறவள் இல்லை.

தார் தொடங்குகிற இடத்தில் உட்கார்ந்து காற்றடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் இடித்தபோது அந்த மனிதர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். கோர்ட்டுத் தாளில் கல்குவாரி என்ற வார்த்தையும் வருகிறது. நீ அந்தத் தாளைப் படித்திருக்கிறாய். வக்கீலிடம் வாங்கி எனக்கு அனுப்பியதே நீதான்.

தெரிந்தேதான் போனாயா?

அண்ணன்


ஜூன் 30

அண்ணாவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நான்கு கடிதம் எழுதி நான்கையும் கிழித்தேன்.

ஆமாம். தெரிந்தேதான் போனேன்.

தீர்ப்பு சொன்ன அன்று அம்மாவின் கண் ஆபரேஷன். நான் கோர்ட்டுக்கு வரவில்லை, இறந்தவர் வீட்டிலிருந்து வந்தவர்கள் யாரும் என்னைப் பார்த்ததில்லை. உனக்குப் பதிலாக ஒருவராவது போய் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. தாளில் இருந்த குவாரிப் பெயரைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்துப் போனேன். மதிலோரம் இரண்டு மணி நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துதான் வைத்திருந்தேன். டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "வேடிக்கை பாக்க வந்தியா, ஓட்ட வந்தியா?" என்றார். என் வாயில் "ஓட்ட" என்று வந்துவிட்டது.

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் முதல் நாளே பைக்கைத் தூக்கிவிட்டேன். அப்புறம் மணல், அப்புறம் ஓடை. அண்ணா, இதில் கேவலம் எது தெரியுமா? எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை கண் விழிக்கும்போது உன் ஞாபகம் வருவதில்லை, டீச்சரின் கணவர் செத்த ஞாபகமும் வருவதில்லை, பாதைதான் ஞாபகம் வருகிறது. என் வாழ்க்கையில் எதற்காகவும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை. அது ஏன் அந்த இடத்தில்தான் கிடைக்க வேண்டும்?

ஆகஸ்ட் பயணம் அவர் நினைவாகப் போவது. மூன்றாம் நாள் அந்த மண் பாதை வழியாக வந்து, தார் தொடங்கும் இடத்தில் நின்று, எல்லோரும் ஒன்றாகக் காற்றடிப்பார்களாம். டீச்சர் எனக்குத் தன் கணவரின் பம்ப்பைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல்.

வாலு


ஜூலை 12

வாலுவுக்கு,

அம்மா சுகந்தானே? இது எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.

நீ சொல் என்று எழுதியிருக்கிறாய். இங்கிருந்து நான் என்னத்தைச் சொல்ல. உன்னைக் கூப்பிட்டு ஓர் அறை விடவும் முடியாது, பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவவும் முடியாது. மாதம் இரண்டு கடிதம்தான் விடுவார்கள். நான் எழுதினது உன் கைக்கு வருவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

நின்றுவிடு. ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா போகாமல் நின்றுவிடு. வேலை ஜாஸ்தி என்று சொல். நாலு நாள் தேடுவார்கள், மறந்துவிடுவார்கள். அவர்கள் உன்னை ஏதாவது செய்துவிடுவார்கள் என்று நான் பயப்படவில்லை. அந்த அம்மா உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன் வீட்டுக்காரருடைய பம்ப்பை உன் கையில் கொடுக்கிற காட்சியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த இடத்தில் நீ நிற்காதே. அது மட்டும் வேண்டாம்.

அண்ணன்


ஆகஸ்ட் 26

அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதியிருக்க வேண்டும். முடியவில்லை. நின்றுவிட நினைத்தேன், அதுவும் முடியவில்லை.

சொல்லிவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எல்லாருடைய பைக்கையும் டீச்சர் சோதித்தார். என் பைக்குக்குப் பக்கத்தில் குந்தி செயினை முடுக்கிக்கொண்டிருந்தார். "டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லு. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் இருக்கு."

"சாரை இடிச்ச லாரி டிரைவர் என் அண்ணன்."

ஸ்பேனர் நின்றது. பிறகு மறுபடி திருகினார். அந்த நட்டை முழுக்க முடுக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"முதல் நாள் வரும்போதே தெரியும்."

"ஏழு மாசம்."

"ஆமா டீச்சர்."

என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த கிரீஸைத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "நாளைக்கு நீ வராதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பைக்குக்குப் போய்விட்டார். அவர்கள் கிளம்பிய காலையில் நான் வழக்கம்போல ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளினிக் கிளினிக்காகப் போனேன்.

போன புதன்கிழமை மாலை டீச்சர் நம் வீட்டுக்கு வந்தார். அம்மாதான் கதவைத் திறந்தாள். பைக்கையும் ஹெல்மெட்டையும் பார்த்ததும், "நீங்கதானா அந்த டீச்சர்? வயசுப் பொண்ணுக்குச் சொல்லிக்குடுக்க வேற ஒண்ணுமே கிடைக்கலையா உங்களுக்கு? ஏற்கனவே ஒரு பிள்ளையை ரோட்டுக்குக் குடுத்துட்டு நிக்கறேன்" என்று பிடித்துக்கொண்டாள். டீச்சர் வாசலிலேயே நின்று முழுதும் கேட்டார். "நீங்க சொல்றது சரிதாங்க" என்றார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இவர் யார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா உட்கார்ந்தாள், எழுந்தாள், துணியை எடுத்துச் சாப்பாட்டு மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்னிடம் சொன்னார்: "நான் சண்டை போட வரலை. உங்க அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இடிச்ச உடனே என் வீட்டுக்காரர் உயிர் போயிடுச்சுன்னு கோர்ட்ல சொல்லியிருக்கார். ஆனா பைக் என் கைக்கு வந்தப்ப சாவி ஆஃப்ல இருந்துச்சு, பம்ப் சுவிட்சும் ஆஃப்ல இருந்துச்சு. டயர்ல பாதிக் காத்துதான் இருந்துச்சு. பாதியில அவர் நிறுத்தமாட்டார். போலீஸ்கிட்ட கேட்டேன், நாங்க தொடலைன்னாங்க. அப்ப யார் நிறுத்தினது? உடனே போயிட்டார்னா, எதுக்கு நிறுத்தணும்? ரெண்டரை வருஷமா இந்தக் கணக்கு எனக்கு வரமாட்டேங்குது. என்ன நடந்துச்சுன்னு அவரை எழுதச் சொல்லு."

நீ எழுதுவாய் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. எழுது அண்ணா.

வாலு


செப்டம்பர் 28

வாலுவுக்கு,

அம்மாவிடம் நான் சுகமாக இருப்பதாகச் சொல். நீ கேட்டு ஒரு மாதமாகிறது. இது மூன்று தாள். இங்கே படித்துப் பார்த்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். படிக்கட்டும்.

மதியம் இரண்டரை மணி. முந்தின நாளிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். நிறுத்திப் படுத்திருக்க வேண்டும். இன்னும் நாற்பது கிலோமீட்டர்தானே என்று அழுத்தினேன். கண் அசந்தது. சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். லாரி ரோட்டை விட்டு ஓரத்தில் இறங்கியிருந்தது. குதித்து ஓடினேன். அவர் கீழே கிடந்தார். பைக் ஒரு பாறையில் சாய்ந்து நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பம்ப்பும் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. "அதை நிறுத்துங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. "பம்ப்பை நிறுத்துங்க, டயர் வெடிச்சிடும்" என்றார். நிறுத்தினேன். சாவியையும் திருப்பினேன். "தேங்க்ஸ்" என்றார். என்னைப் பார்த்து.

தண்ணீர் கேட்டார். லாரியில் பாட்டில் நிறைய இருந்தது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கோ கேட்டிருந்தேன், கொடுக்கவில்லை. பிறகு, "வீட்டுல பேசணும்" என்று ஒவ்வொரு எண்ணாக நிதானமாகச் சொன்னார். என் போனில் அழுத்தினேன். சிக்னல் இல்லை. அந்த எண் இன்னும் எனக்கு மனப்பாடம்.

இனி எழுதப்போவது மூன்றாவது தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மேட்டில் ஏறி சிக்னல் பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். "சீக்கிரம் வாங்க" என்றார். ஏறினேன். அந்தப் பக்கமெல்லாம் எத்தனையோ தடவை ஓட்டியவன் நான், அங்கே எங்கேயும் சிக்னல் வராது என்று ஏறும்போதே தெரியும். மேட்டில் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "இருக்கீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேட்டார். என் குரல் அவருக்குக் கேட்டிருக்கும், அவ்வளவு பக்கம்தான். இருக்கேன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. கால் மணி நேரம் இருக்கும். அப்புறம் ரோட்டில் ஒரு வேன் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. கோர்ட்டில் கேட்டபோது, இறங்கிப் பார்க்கும்போதே உயிர் இல்லை என்றேன். அப்படிச் சொன்னால், நான் மேட்டில் நின்றது நடக்கவே இல்லை என்றாகிவிடும் என்று நினைத்தேன்.

கண் அசந்ததற்குத்தான் இந்தத் தண்டனை. மேட்டில் நின்றதற்கு யாரும் இன்னும் தண்டனை கொடுக்கவில்லை.

அண்ணன்


அக்டோபர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? இரண்டுக்கும் உண்மையைச் சொல்.

டீச்சர் வீட்டுக்குக் கடிதத்தைக் கொண்டுபோனேன். கூடத்தில் ஒரு பக்கம் விடைத்தாள் கட்டுகள், ஒரு பக்கம் சாருடைய பைக் பூட்ஸ், துடைத்து வைத்திருந்தார். கடிதத்தை நீட்டினேன், அவர் வாங்கவில்லை. "நீயே படி. எனக்குக் கண்ணு நிக்காது" என்றார்.

முதல் தாளைப் படித்தேன். பம்ப்பை நிறுத்தச் சொன்னார் என்ற இடம் வந்ததும் டீச்சர் சிரித்தார் அண்ணா. "அவரேதான். டயர் போயிடுமாம்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். இரண்டாவது தாளில் எண்ணைப் பற்றி வந்தது. "அது என் நம்பர். அன்னைக்கு அந்த நேரம் நான் வகுப்புல இருந்தேன். போன் மேசை மேலதான் இருந்துச்சு" என்றார்.

மூன்றாவது தாள் கையில் இருந்தது. முதல் வரியைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் டீச்சர் என்று மடித்துவிட்டேன்.

டீச்சர் நிமிர்ந்து, "கடைசியில பக்கத்துல இருந்தாரா உங்க அண்ணன்?" என்று கேட்டார். "இருந்தான். கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தான்" என்று சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். "தனியா போகலை. அது போதும் எனக்கு" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைத் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

அம்மாவும் படிக்க வேண்டும், அப்புறம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை நாள் சாக்குச் சொல்ல முடியும்? அண்ணா, மூன்றாவது தாளை மட்டும் வேறு மாதிரி எழுதி அனுப்பு. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு வரி. உன் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். இது உனக்காகக் கேட்கவில்லை, எனக்காகவும் கேட்கவில்லை.

குவாரிக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தனியாக ஊர் எல்லை வரை போய், மண் பாதையில் கொஞ்ச தூரம் நின்றுகொண்டே ஓட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

வாலு


அக்டோபர் 27

அன்புள்ள வாலுவுக்கு,

சாப்பிடுகிறேன். தூக்கம் சுமார்தான். உண்மையைச் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மருந்தை நிறுத்திவிடாதே. குளிர்காலத்தில் கண் உறுத்தும்.

நீ கேட்டதை எழுத உட்கார்ந்தேன். நாலு நாள் உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதியும் விட்டேன். அதைத் தையல்காரரிடம் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு என் கதை தெரியாது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இரண்டு நாளில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன் வாலு. எனக்குப் பயமாகிவிட்டது. கிழித்துப்போட்டேன்.

நீ சொன்ன பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அம்மா கணக்கு டீச்சர். இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் இதுவும் அவருக்குக் கணக்கில் இடிக்கும். அன்றைக்கு அவருக்குத் துணையாக நீயும் இருக்கமாட்டாய். மூன்று தாளையும் அப்படியே கொடுத்துவிடு. அவர் உன்னை வெறுத்தால் என்னால் தடுக்க முடியாது. இங்கிருந்து எதைத்தான் தடுக்க முடிந்தது.

நீ பைக் ஓட்டுவதை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன் அல்லவா, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது என் பயம், உன் தலையில் வைத்துவிட்டேன். உனக்குப் பிடித்ததை ஓட்டு. நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நீ ஓட்டத்தான் போகிறாய்.

இன்னொன்று. தாளைப் படித்த பிறகு அவருக்கு என் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்க வேண்டும் என்று இருந்தால் வரட்டும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பார்வையாளர் நாள். வரமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நேற்று விண்ணப்பம் வாங்கினேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், கோர்ட்டுத் தாளில் இருக்கிறது. எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் உறவு என்று போட்டிருந்தது. "என்ன உறவுன்னு எழுதுய்யா" என்றார் வார்டர். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அப்புறமா எழுதிக்க" என்று தாளை வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தக் கட்டம் காலியாகவே இருக்கிறது.

உன் அண்ணன்